ரெங்கத்துச் செய்தியை யார் சொல்வது?

2025 டிசம்பர் 27ஆம் தேதி இரவு, கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம் நிரம்பி வழிந்தது. விஜய் நடித்த ‘ஜனநாயகன்’ படத்தின் பாடல் வெளியீட்டு விழா. எச். வினோத் இயக்கம், அனிருத் இசை, இதுவே தன் கடைசிப் படம் என்று நாயகனே அறிவித்துவிட்ட படம். விழாவில் அரசியல் பேசக்கூடாது என்று மலேசியக் காவல்துறை முன்கூட்டியே சொல்லிவிட்டது. ஒரு கட்சியின் தலைவர், தன் மாநிலத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கும்போது, வேறொரு நாட்டின் விளையாட்டரங்கில் நின்றுகொண்டு அரசியல் பேசாமல் இருக்க வேண்டும். கூட்டமோ அவர் வாய்திறந்து சொல்லாத அரசியலுக்கும் சேர்த்துக் கைதட்டியது. அரசியல், ஊடகம், இசை, சினிமா நான்கும் ஒரே மேடையில் இவ்வளவு நெருக்கியடித்து நின்றதை நான் இதற்கு முன் கண்டதில்லை.

ஜொகூர் மாநிலத்தின் எங்கள் ரெங்கத்திலிருந்தும் கார்கள் போயின. எங்கள் தாமான் குடியிருப்புப் பையன்கள் காலையிலேயே கிளம்பி, சிம்பாங் ரெங்கம் டோலில் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனார்கள். வீடு திரும்பும்போது விடிந்துவிட்டது. ஒருவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவன் அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, “உங்கப்பா மஇகா கிளைக் கூட்டத்துக்குப் போயிக்கூட இப்படி கத்துனதில்லடா” என்றார். அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் சென்னை யூடியூப் சேனல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் யாரோடு கூட்டணி என்று அங்கே நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். மகன் பாட்டுக்குக் கத்தினான், அப்பா கூட்டணிக்குக் காது கொடுக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரசிகர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. சினிமாப் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் தோட்டத்து லயங்களில் தமிழ் நின்றது. பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு முடிந்துபோன எத்தனையோ பேருக்கு வாலியும் கண்ணதாசனும்தான் அதற்கப்புறம் வாத்தியார்கள். விஜய் அரசியலுக்கு வருவது நல்லதா கெட்டதா என்பதைத் தமிழ்நாட்டு வாக்காளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என்னை உறுத்துவது வேறு. 2025 செப்டம்பர் 27 அன்று விஜய்யின் கரூர்க் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்த செய்தி அன்றிரவே ரெங்கத்து வீடுகளுக்கு வந்துவிட்டது. கரூரில் எந்தத் தெருவில் கூட்டம் நின்றது, ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் வந்தது என்பதுவரை காலையில் பசியாறும் இடத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தத் துக்கம் உண்மையானது. ஆனால் ரெங்கத்தில் ஒன்று நடந்தால் அது தமிழில் யாருக்குத் தெரியும்?

2019ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டு ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றிப்போயின. வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்களின் வரிசையை நாம் தினமும் தொலைக்காட்சியில் பார்த்து உச்சுக்கொட்டினோம். அதே ஆண்டில் சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் குப்பைமேட்டுக் கழிவுநீர் ஆற்றில் கலந்து, அம்மோனியா அளவு ஏறி, நீர் சுத்திகரிப்பு நிலையங்களைத் திரும்பத் திரும்ப நிறுத்தினார்கள். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று வாசலில் வாளியை வைத்துக்கொண்டு காத்திருந்த வீடுகளில் தமிழர் வீடுகளும் உண்டு. நீர்வளத்துக்குப் பொறுப்பான மத்திய அமைச்சராக அப்போது இருந்தவர் சேவியர் ஜெயக்குமார். தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் மஸ்லி மாலிக், அவர் கல்வி அமைச்சர். மலாய் ஏடுகளும் சீன ஏடுகளும் இந்த விவகாரத்தை விடவில்லை. தமிழில் நான் படித்தவையோ அமைச்சர் இன்னது கூறினார் என்ற துண்டுச் செய்திகள்தாம். வாளியோடு நின்ற பெண்ணிடம் போய், “எத்தனை நாளாக இப்படி?” என்று தமிழில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. சென்னைக் குடத்தின் நிறம் தெரிந்த நமக்கு, நாலு மைல் தள்ளியிருந்த வாளி தெரியாமல் போனது.

தமிழ் ஏடுகளைக் குறைசொல்லி முடித்துவிடவும் கூடாது. அதே ஆண்டில், சீன, தமிழ்ப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலில் காட் எனும் ஜாவி எழுத்துக்கலை சேர்க்கப்படும் என்ற செய்தி வந்தபோது, தமிழ் ஏடுகள் முதல் பக்கத்திலேயே அடித்தன. அமைச்சு பின்னர் பக்கங்களைக் குறைத்துக்கொண்டது. நாடு தழுவிய விவகாரம் என்றால் கோலாலம்பூரில் உட்கார்ந்தபடியே எழுதிவிடலாம். வாளிக்கு ஆள் ஊருக்கு வர வேண்டும். அந்த ஆள்தான் இப்போது இல்லை.

அந்த ஆளுக்கு ஒரு காலத்தில் பகுதி நிருபர் என்று பெயர். பெரும்பாலும் பத்திரிகை ஏஜெண்டே நிருபராகவும் இருப்பார். காலையில் பேப்பர் போடுவார், பகலில் வேறு வேலை, மாலையில் செய்தி. சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, மாரியம்மன் கோயில் தீமிதி, முன்னாள் மாணவர் ஒன்றுகூடல், சாலை விபத்து, மகப்பேறுக்குப் போன பெண்ணை மருத்துவமனையில் காக்கவைத்த கதை என்று கையால் எழுதி, படத்தோடு கோலாலம்பூருக்கு அனுப்புவார். அச்சில் வருவதற்குள் நிகழ்ச்சி பழையதாகிவிடும். இருந்தாலும் வரும்.

அந்தக் காலத்துப் படங்களில் ஒரு வகையை நாங்கள் கேலி செய்வோம். பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்று, கதவளவு நீளமான மாதிரிக் காசோலை ஒன்றைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். நடுவில் ஒரு டத்தோ. காசோலையின் இரு முனையிலும் கோயில் தலைவரும் பொருளாளரும். கண்ணைச் சிமிட்டிய ஒருவர் எப்போதும் இருப்பார். எல்லா வாரமும் அதே படம், ஆட்கள் மட்டும் வேறு. இப்போது யோசித்தால் அந்தப் படம் ஒரு பொதுக் கணக்கு. எந்தப் பள்ளிக்கு, எந்தக் கோயிலுக்கு, யார், எப்போது, எத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்தார்கள் என்பது அச்சில் கிடந்தது. ஆறு மாதம் கழித்துக் கூரை ஒழுகினால், பழைய பேப்பரைக் கொண்டுவந்து ஆண்டுக் கூட்டத்தில் மேசைமேல் போட்டு, “இந்தப் பணம் எங்கய்யா?” என்று கேட்க ஒரு பெரியவர் இருந்தார். இன்று அந்தப் படம் புலன (வாட்ஸ்அப்) குழுவில் வருகிறது, நாலு பேர் கைகூப்பும் பொம்மையைப் போடுகிறார்கள், அடுத்த நாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகிறது. இந்தியர் உருமாற்றத்துக்கான மித்ராவுக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி என்று வரவுசெலவுத் திட்டத்தில் வாசிக்கிறார்கள். குளுவாங் மாவட்டத்துக்கு வந்தது எவ்வளவு, யாருக்குப் போனது என்று மாவட்டத்தில் நின்று கேட்க ஒரு தமிழ் நிருபர் வேண்டாமா?

தமிழ்நாட்டு அரசியலை இங்கே இறக்குமதி செய்வது புதிதும் அல்ல, தப்பும் அல்ல. பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்தார், 1954இல் மீண்டும் வந்தார். அண்ணா 1965இல் வந்தார். ரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது, செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, இரண்டும் இந்த மண்ணில் வேர்பிடித்து இங்கேயே காய்த்தன. பெரியார் கொண்டுவந்ததும் அப்படித்தான். ஈரோட்டுச் சரக்கை எடுத்துக்கொண்டு கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் 1929இல் ‘முன்னேற்றம்’ நடத்தினார், 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கினார். அந்தப் பத்திரிகை ஈரோட்டில் என்ன நடந்தது என்று சொல்வதோடு நிற்கவில்லை. தோட்டத்தில் கள்ளுக்கடை எதற்கு என்று கேட்டது. 1950களில் தமிழர் திருநாளையும் பிள்ளைகளுக்கு மாணவர் மணிமன்றத்தையும் ஊட்டி வளர்த்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிங்கப்பூர்த் தமிழர்களே, குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று நச்சரித்தது. நாளைக்கு ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று பெட்டி கட்டி வைத்திருந்த சனத்தைப் பார்த்து, உன் ஊர் இதுதான், இங்கே கையெழுத்துப் போடு என்று சொன்ன பத்திரிகை அது.

அந்த இறக்குமதிக்கும் இன்றைய இறக்குமதிக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று வந்தது இங்கே படிப்பகமாக, பத்திரிகையாக, மன்றமாக மாறியது. இன்று வருவது பார்வை எண்ணிக்கையாக மாறிச் சென்னைக்கே திரும்பிப் போகிறது.

நடுவில் நம் பத்திரிகைகள் தாங்களே தங்களுக்குக் குழிதோண்டிக்கொண்ட கதையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 1980களில் மஇகாவில் (மலேசிய இந்திய காங்கிரஸ்) சாமிவேலு அணி, சுப்பிரமணியம் அணி என்று பிளவு முற்றியபோது, பத்திரிகைகளும் அணி பிரிந்தன. ஒரே மாநாட்டைப் பற்றி இரண்டு ஏடுகளில் படித்தால் இரண்டு மாநாடு நடந்ததாகத் தோன்றும். தோட்டத்தில் எந்தப் பேப்பர் வாங்குகிறாய் என்று கேட்டால் போதும், எந்த அணி என்று தெரிந்துவிடும். அதற்கு நடுவிலும் ஆதி குமணன் போன்ற ஒருவர் பத்திரிகையை எழுத்தாளர்களின் வீடாக வைத்திருந்தார். ‘வானம்பாடி’யில் தொடங்கி ‘மக்கள் ஓசை’ வரை, அவர் போன இடமெல்லாம் வாசகர்களும் கூடவே போனார்கள். 2005இல் அவர் மறைந்தார். 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நூற்றாண்டைத் தொட ஐந்து ஆண்டுகள் இருக்கையில், 2019 தொடக்கத்தில் நின்றது. எஞ்சிய நாளேடுகள் மூச்சுப் பிடித்து ஓடுகின்றன. பக்கங்களைத் திருப்பினால் பாதி சென்னைச் சினிமா. விற்கிறது, போடுகிறார்கள். அவர்கள்மேல் கல்லெறிய எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரர் எடுத்துவைக்கும் சில பிரதிகளையே முழுதாக விற்க முடியாத ஊரில் இருந்துகொண்டு என்ன முகத்தோடு எறிவது?

வானொலியைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நிறைவடையாது. ஆர்டிஎம் தமிழ்ப் பகுதி, பிறகு வானொலி ஆறு, இப்போது மின்னல். அதில் நேயர் விருப்பமும் பிறந்தநாள் வாழ்த்தும் ஒலித்த காலத்தில், அறிவிப்பாளர் ஒரே மூச்சில் பெயர்ப் பட்டியல் வாசிப்பார். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மாமா, அத்தை, தம்பி, கடைசியில் தோட்டத்தின் பெயர், ஊரின் பெயர். பாட்டு அதற்கப்புறம்தான். பாட்டை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை, பட்டியலைத்தான் கவனித்தோம். லாயாங் லாயாங்கும் ரெங்கமும் பாலோவும் பெக்கோக்கும் நாடு முழுவதும் கேட்கும். இன்றைய தோட்டங்கள் பல பெயர்ப்பலகையோடு சரி. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்தில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள், நம்மவர்கள் தாமானுக்கும் கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் போய்விட்டார்கள். அந்தப் பட்டியலை இன்று வாசித்தால் பாதி ஊர்களுக்கு ஆளில்லை.

ஜொகூர்க்காரர்களுக்கு இன்னொரு வாசலும் இருந்தது. தெற்கு ஜொகூரில் கூரைமேல் ஏரியல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதிலேயே அந்த வீட்டின் ரசனை தெரியும். தெற்கே திரும்பியிருந்தால் சிங்கப்பூர் நாடகம், ஒலி 96.8இன் அரட்டை. அஸ்ட்ரோ 1996இல் வந்தது, வானவில் வந்தது, ஏரியல்கள் துருப்பிடித்தன. 2019 புத்தாண்டோடு சிங்கப்பூர் பழைய அலைவரிசை ஒளிபரப்பை நிறுத்தியது. யாரும் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை, எல்லோர் கையிலும் கைப்பேசி.

திரைக்கு வருவோம். நம் கதையை யார் எடுத்தாலும் நமக்குக் கொண்டாட்டம்தான். 2016 ஜூலையில் ‘கபாலி’ வந்தபோது தோட்டத்துப் பிள்ளையின் கதையை ரஜினி பேசுகிறாரே என்று கண்கலங்கியவர்களில் நானும் ஒருவன். பா. ரஞ்சித் எவ்வளவோ விசாரித்துத்தான் எடுத்திருந்தார். மலேசியாவில் ஓடிய பிரதியில், கடைசியில் கபாலி போலீசில் சரணடைந்தார் என்று திரையில் ஒரு வரி வந்தது. சட்டத்துக்கு மேல் யாரும் இல்லை என்று நமக்கு மட்டும் நினைவூட்டினார்கள்.

அதற்கு ஏழு மாதம் முன்பு, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ வந்திருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டுப் புறம்போக்குக் குடிசைக்கு வந்த குடும்பம், 1990களின் தொடக்கம், வாயாடியான ஒரு பையன், அவன் கண்முன்னே குண்டர் கும்பலுக்குள் போகும் பெரியவர்கள். ‘கபாலி’ கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னதை இந்தப் படம் பள்ளிச் சீருடையில் சொன்னது. எத்தனை பேர் பார்த்தோம்? உள்ளூர்ப் படங்களை இரண்டு வாரமாவது ஓட்ட வேண்டும் என்ற கட்டாயத் திரையிடல் திட்டம் 2005 முதல் இருக்கிறது. திரையைச் சட்டம் கொடுக்கலாம், நாற்காலியில் ஆளை உட்காரவைக்க முடியாது. 2016இன் மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழி அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கப் பார்த்தார்கள். மலாய்க் கலைஞர்களே எதிர்த்துக் குரல் கொடுத்து, அந்தப் பிரிவினை கைவிடப்பட்டு, மலேசியாவின் சிறந்த படமாக ‘ஜகாட்’ தேர்வானது. தமிழ்ப் படம் ஒன்றுக்கு அந்தப் பெருமை கிடைத்த பிறகுதான் நம்மில் பலர் அப்படியொரு படம் வந்ததையே கேள்விப்பட்டார்கள். அஃப்லின் ஷௌக்கி போன்றவர்கள் நமக்காகச் சண்டை போட்டார்கள், நாம் அந்த வாரம் எந்தச் சென்னைப் படத்துக்குக் கியூவில் நின்றோம் என்று எண்ணிப்பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

பாட்டில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. யோகி பி குழுவினரின் ‘வல்லவன்’ 2006இல் வந்தபோது தமிழில் ராப் பாடலாம் என்பதைச் சென்னைக்கே இங்கிருந்துதான் காட்டினோம். அதன்பின் அவரைச் சென்னைப் படங்கள் கூப்பிட்டுக்கொண்டன. திலிப் வர்மனின் ‘உயிரைத் தொலைத்தேன்’ ஏதோ ஒரு படப் பாட்டு என்று இன்றும் நினைக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் உண்டு, அது மலேசியப் பாட்டு. முகேன் ராவ் 2019இல் பிக் பாஸை வென்றார். ஆக, நம்மிடம் சரக்கு இருக்கிறது. ஆனால் சென்னை ஒரு முத்திரை குத்திக் கொடுத்த பிறகே நம் கல்யாண மண்டபங்களில் அதற்கு இடம் கிடைக்கிறது. ஊர்த் திருவிழாவில் உள்ளூர்க் கலைஞர் பாடும்போது சாப்பாட்டு வரிசைக்குப் போகிற கூட்டத்தை நான் எல்லா வருடமும் பார்க்கிறேன்.

இந்த மனநிலையை நம்மைவிட நம் பிரதமர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். நஜிப் ரசாக் 2017 மார்ச்சில் சென்னை போயஸ் தோட்டத்துக்கு ரஜினியைப் பார்க்கவே போனார். அடுத்த ஆண்டு மே மாதம் ஆட்சி போனது, ரஜினியோடு எடுத்த படம் கைகொடுக்கவில்லை. அன்வார் இப்ராஹிம் 2023 செப்டம்பரில் ரஜினியை வரவேற்று ‘சிவாஜி’ படத்து மொட்டைத்தலைத் தட்டலைத் தட்டிக் காட்டினார். அந்தக் காட்சி நாட்டில் ஒரு தமிழர் கைப்பேசி விடாமல் சுற்றியது. அதில் ஒன்றும் குற்றமில்லை, அன்வாருக்குச் சினிமா பிடிக்கும். ஆனால் ஒரு பிரதமர் தமிழரோடு பேச வேண்டுமென்றால் தமிழ்ப்பள்ளிக் கட்டடத்தையோ நாடற்ற பிள்ளையின் அடையாள அட்டையையோ தொட வேண்டியதில்லை, தலையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்ற நிலையை யார் உண்டாக்கியது?

நம் வட்டாரத்தில் அரசியல் பெரும்புள்ளிகளுக்குப் பஞ்சமே இல்லை. சிம்பாங் ரெங்கம் நாடாளுமன்றத் தொகுதிக்கு 2018 முதல் மஸ்லி மாலிக், கல்வி அமைச்சராகவும் இருந்தார். 2022 நவம்பரில் அவரைத் தோற்கடித்தவர் ஹஸ்னி முகமது, அதற்குமுன் மாநில மந்திரி பெசார். அந்தத் தொகுதிக்குள் அடங்கிய மாச்சாப் சட்டமன்றத்தில் 2022 மார்ச்சில் வென்ற ஒன் ஹாஃபிஸ் காசி மந்திரி பெசார் ஆனார். இவர்களில் ஒருவரையாவது தமிழில் உட்காரவைத்து, குப்பைமேடு என்ன ஆயிற்று, தோட்டப்பள்ளியை எங்கே மாற்றப்போகிறீர்கள் என்று அரைமணி நேரம் கேட்ட காணொலி ஒன்றை எனக்கு அனுப்புங்கள், நன்றியோடு பார்க்கிறேன். ஊராட்சி மன்ற உறுப்பினர்களையோ நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை. 1960களில் நின்றுபோன ஊராட்சித் தேர்தல் திரும்பவில்லை, நியமனம்தான். வாக்கு கேட்டு நம் வீட்டுப்படி ஏற வேண்டிய அவசியம் இல்லாத அந்த அதிகாரத்தைக் கண்காணிக்க எழுத்தைத் தவிர வேறு வழி கிடையாது. தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, சந்தை உரிமம் எல்லாம் அவர்கள் கையில்.

2022 மார்ச் 12 ஜொகூர் தேர்தல்தான் 18 வயதானவர்கள் முதன்முதலாக வாக்களித்த தேர்தல். பெயரைப் பதிய வேண்டிய வேலைகூட இல்லை, அதுவே பதிந்துவிடும். வந்து வாக்களித்தவர்கள் 54.92 விழுக்காடு. கோவிட், சிங்கப்பூர் எல்லை, வாரக்கடைசி வேலை என்று காரணம் சொன்னார்கள், எல்லாம் நியாயமான காரணங்கள். எங்கள் தாமான் பையன் ஒருவனிடம் கேட்டேன். “யார் நிக்கிறாங்கன்னே தெரியல அங்கிள்” என்றான். பொய் சொல்லவில்லை. சுவரொட்டியில் இருந்த முகத்தைப் பற்றி அவனுக்குப் புரியும் மொழியில், அவன் பார்க்கும் திரையில், ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இவனே தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் எங்கே யார் பலம் என்று வரைபடம் போடுவான்.

உள்ளூர்த் தமிழ்த் திரை என்று ஒன்று இல்லாமலும் இல்லை. அது டிக்டாக் நேரலை. இரவு பத்து மணிக்குமேல் திறந்தால் நம் ஆட்கள்தான், நம் தமிழ்தான், பெரும்பாலும் வசவுதான். ஏஷா என்று அறியப்பட்ட இளம் பெண் 2024 ஜூலையில் இறந்தது அந்தத் திரையில் நடந்த துன்புறுத்தலுக்குப் பிறகு. குற்றம் சாட்டப்பட்ட இருவரில் ஒருவருக்கு நீதிமன்றம் 100 வெள்ளி அபராதம் விதித்தது, அந்தப் பழைய சட்டப்பிரிவில் அதுதான் உச்சத் தொகை. நாடே கொதித்த பிறகு பகடிவதைக்கு எதிராகக் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தது. சட்டம் வந்தது நல்லது. ஆனால் அந்த நேரலைகளில் இருக்கும் துணிச்சலையும் நாக்கையும் பார்க்கும்போது எனக்கு ஆத்திரத்தைவிட ஏக்கம்தான் வருகிறது. ஊரைப் பற்றிப் பேசத் தெரிந்த, கேமரா முன் கூசாத, மணிக்கணக்கில் ஆளைக் கட்டிப்போடத் தெரிந்த இளைஞர்கள் இவர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தவிரப் பேச இவர்களுக்கு விஷயமே யாரும் கொடுக்கவில்லை.

விஷயம் கிடக்கிறது. 2025 டிசம்பர் 12 முதல் மின்சார விரைவு ரயில் ஜொகூர் பாரு வரை ஓடுகிறது, ரெங்கத்தின் வழியாகத்தான். இங்கே எந்த வண்டி நிற்கும், வேலைக்குப் போகிறவருக்குக் கட்டணம் கட்டுப்படியாகுமா, பழைய ஸ்டேஷனை நம்பிக் கடை வைத்திருந்தவர் கதி என்ன என்று யாராவது ஒருவன் நடைமேடையில் நின்று தமிழில் பேசினால் நான் முதல் ஆளாகப் பார்ப்பேன்.

ஜொகூர் சட்டமன்றத்தின் தவணை 2027இல் முடிகிறது, அதற்கு முன்பே தேர்தல் வந்தாலும் வியப்பில்லை. கோயில் மண்டபத்தைத் தமிழ்ப் பாடகர்களுக்கு ஒருநாள் கொடுக்கிற கமிட்டிகளே, ஒரு மாலை வேட்பாளர்களுக்கும் கொடுங்கள். எல்லாக் கட்சிக்காரர்களையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள், கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், தண்ணீரையும் குப்பையையும் பள்ளியையும் முதலில் வையுங்கள். புக்கிட் ஜாலில் போய் வந்த பிள்ளைகளே, அன்று தூக்கிப் பிடித்த அதே கைப்பேசியோடு வாருங்கள். பதில்களை அப்படியே பதிவு செய்து, வெட்டாமல் ஒட்டாமல் தமிழ் நாளேடுகளுக்கும் அனுப்புங்கள். போடுவார்கள். இடமிருக்கிறது, அனுப்பத்தான் ஆளில்லை.